கத்தி பட்ட கையும் தலைக்குள் இருக்கும் கையும்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கூட்டத்தில் ஓய்வுபெற்ற இயன் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை டொக்டர் அம்மா என்று அறிமுகப்படுத்தினார்கள். நான் டொக்டர் இல்லை. இயன் மருத்துவர். ஆஸ்பத்திரியில் "பிசியோ மிஸ்" என்பார்கள். அதற்கு முன்னால் நான் கொழுந்துக்காரியின் மகள். லயத்துக் காம்பராவில்தான் பிறந்தேன். அம்மா மலையில் இருந்து வந்து கூடையை இறக்கியதும் விரல்களைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த விரல்களைப் பார்த்து வளர்ந்ததால்தானோ என்னவோ, முப்பது வருடத்துக்கு மேல் கைகளைப் பார்க்கிற வேலையையே செய்தேன்.

இப்போது எல்லோரும் கையை நீட்டுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கொழுந்து எடுக்கிற மாதிரி பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேருங்கள். இரண்டு இலை ஒரு அரும்பு, அந்த இடத்தில் ஒடிக்க வேண்டும், முற்றல் வரக்கூடாது. இதைக் கண்ணால் பார்த்தா செய்கிறீர்கள்? பக்கத்து நிரைக்காரியோடு கதைத்துக்கொண்டே செய்கிறீர்கள். விரல் நுனிக்குத் தெரிகிறது, எது இளசு எது முற்றல் என்று. அந்தத் தெரிவைத் தருவது மணிக்கட்டின் நடுவால் போகிற ஒரே ஒரு நரம்பு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவுக்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். பெருவிரலைத் தூக்கி மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவருவதும் அதே நரம்புதான். மணிக்கட்டில் அது தோலுக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. ஒரு கத்தி வழுக்கினால் போதும்.

அப்படி வழுக்கிய ஒரு கதையைச் சொல்கிறேன். ஊர், பேர் சொல்ல மாட்டேன்.

முப்பத்தி நாலு வயதுத் தம்பி. கவ்வாத்து வெட்டும்போது கத்தி நழுவி இடது மணிக்கட்டில் பட்டுவிட்டது. ரத்தம் நிறையப் போனது. பக்கத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். "விரல் மரத்த மாதிரி இருக்கு" என்று தம்பி சொன்னார். "காயம் ஆறினால் சரியாகும்" என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் தையல் வெட்டினார்கள், தம்பி மலைக்குப் போனார். ஒன்றரை மாதம் கழித்து, ஒரு இரவு மனைவி ரொட்டி சுடும்போது தாச்சியைப் பிடித்து உதவி செய்திருக்கிறார். ஏதோ கருகுகிற வாசம் வந்தது. மனைவி ரொட்டியைத் திருப்பிப் பார்த்தார், ரொட்டி கருகவில்லை. கருகியது தம்பியின் சுட்டுவிரல். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். நரம்பு முழுதாக அறுந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள், சத்திர சிகிச்சை செய்து நரம்பின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். என்னிடம் வந்தபோது தம்பி கேட்டது: "மிஸ், நரம்பைத் தைச்சாச்சுதானே, எத்தனை நாளில பழைய மாதிரி வரும்?"

இதற்குப் பதில் சொல்வதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமான வேலை.

நரம்பைத் தைப்பது சட்டைக் கிழிசலைத் தைப்பது போல இல்லை. நரம்பு என்பது மெல்லிய நூல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த ஒரு கயிறு. ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு உறைக்குள் ஓடுகிறது. வெட்டுப்பட்டால், வெட்டுக்கு அப்பால் விரல் பக்கம் இருக்கிற நூல்கள் எல்லாம் செத்துப்போகும். 1850ஆம் ஆண்டிலேயே ஓகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேயர் தவளையின் நரம்பை வெட்டிப் பார்த்து இதை எழுதிவைத்தார். உறை மட்டும் வெறும் குழாயாக மிஞ்சும். தைத்த பிறகு மேல் பக்கத்தில் இருந்து புது நூல் முளைத்து அந்தக் குழாய்க்குள் ஊர்ந்து வர வேண்டும். எவ்வளவு வேகம் தெரியுமா? ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். மாதத்துக்கு ஒரு அங்குலம். மணிக்கட்டில் இருந்து சுட்டுவிரல் நுனி வரை 18 சென்ரிமீற்றர் என்று வைத்தால் 180 நாள். முளைக்கத் தொடங்கவே சில வாரம் போகும். ஆக ஆறு, ஏழு மாதம். முழங்கையில் வெட்டு என்றால் ஒன்றேகால் வருடத்துக்கு மேல். நான் தம்பியிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் நரம்பைப் பற்றி நினைக்கவில்லை. ஏழு மாதத்துக்கு எத்தனை பேர் போகும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆனால் ஏழு மாதம் காத்திருந்தால் மட்டும் கை திரும்பி வராது. இதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

எங்கள் மூளைக்குள் ஒரு கை இருக்கிறது. நிஜக் கை இல்லை, கைக்கு ஒதுக்கிய இடம். பெருவிரலுக்கு ஒரு காம்பரா, சுட்டுவிரலுக்கு ஒரு காம்பரா என்று லயம் மாதிரி வரிசையாக இருக்கும். விரலைத் தொட்டால் அந்தந்தக் காம்பராவில் விளக்கு எரியும். நரம்பு அறுந்தால் அந்தக் காம்பராக்களுக்குச் சேதி வராது. லயத்தில் ஒரு காம்பரா பூட்டிக் கிடந்தால் என்ன நடக்கும்? முதலில் பக்கத்து வீட்டார் விறகு அடுக்குவார்கள். பிறகு கோழிக்கூட்டை வைப்பார்கள். ஆறு மாதம் போனால் அவர்கள் பிள்ளை அங்கேதான் படுக்கும். மூளையிலும் அதே கதைதான். அமெரிக்காவில் மைக்கேல் மெர்செனிக், ஜோன் காஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் குரங்குகளுக்கு இதே நடு நரம்பை வெட்டி, மூளையைப் பார்த்து 1983இல் எழுதினார்கள். அந்த நரம்புக்குரிய இடம் சும்மா கிடக்கவில்லை. கையின் மற்றப் பகுதிகளில் இருந்து வரும் சேதிகள் அங்கே குடியேறிவிட்டன.

இன்னொரு சிக்கலும் உண்டு. புதிதாக வளரும் நூல்கள் எல்லாம் தங்கள் பழைய குழாய்க்குள் சரியாகப் போவதில்லை. பெருவிரலுக்குப் போக வேண்டியது நடுவிரலுக்குள் போய்விடும். இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. காம்பராவுக்கு விலாசம் இல்லை, கடிதம் எல்லாம் தோட்ட ஒபிசுக்கு வருகிறது, ஒரே பேரில் நாலு பேர் இருக்கிறார்கள். என் தம்பிக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் வேறு டிவிசனுக்குப் போய், திகதி முடிந்த பிறகு கைக்கு வந்தது. கை திரும்ப உணரத் தொடங்கும்போது மூளைக்கும் இப்படித்தான். தொட்டது சுட்டுவிரலை, ஆனால் நடுவிரலில் தொட்ட மாதிரி இருக்கும். துணியைத் தொட்டால் முள் குத்துகிற மாதிரி இருக்கும். நரம்பு வந்து சேர்ந்துவிட்டது, விலாசம்தான் பிழை. அந்த விலாசப் புத்தகத்தை மூளை புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நரம்பு அறுந்தால் பெரியவர்களைவிட நன்றாகக் குணமாவதற்கு ஒரு காரணம், அவர்கள் மூளை இந்தப் புத்தகத்தைச் சீக்கிரம் திருத்திக்கொள்கிறது.

இந்தக் குழப்பத்தைத் தன் உடம்பிலேயே பார்க்க வேண்டும் என்று நினைத்த ஒரு மனிதர் இருந்தார். ஹென்றி ஹெட், லண்டன் டொக்டர். நோயாளிகள் சொல்வதை வைத்து எழுதிப் போதவில்லை அவருக்கு. 1903இல் தன் இடது கையின் தோலுக்குப் போகும் நரம்பைத் தானே சொல்லி வெட்டித் தைக்கச் செய்தார். பிறகு ரிவர்ஸ் என்ற நண்பர் நான்கு வருடங்கள் அந்தக் கையைத் தொட்டும் குத்தியும் சூடு, குளிர் வைத்தும் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தார். பெரிய பெரிய உணர்ச்சிகள் முதலில் வந்தன, எங்கே தொட்டது என்ற நுட்பம் பிந்தித்தான் வந்தது. பைத்தியக்கார வேலை என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் ஒரு டொக்டரின் நரம்புக்கே அவ்வளவு காலம் எடுத்தது. கவ்வாத்துக்காரனின் நரம்புக்கு மட்டும் பத்து நாள் போதும் என்று யார் சொல்வது?

சரி, உருவி விடுவதற்கு வருவோம். நீங்கள் எல்லோரும் கேட்க வந்தது இதைத்தானே.

எங்கள் தோட்டங்களில் உருவுகிற கை இரண்டு வகை. ஒன்று சுளுக்கு எடுக்கிறவரின் கை. நோவெண்ணெயை ஊற்றி, பல்லைக் கடித்துக்கொள் என்று சொல்லி இழுப்பார். இன்னொன்று, பிறந்த பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற பாட்டியின் கை. எண்ணெய் தொட்டு, அவசரம் இல்லாமல், ஒவ்வொரு விரலாகப் பிரித்து நீவுவார். பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நரம்பு அறுந்த கைக்கு வேண்டியது பாட்டியின் கை. சுளுக்கு எடுக்கிற கையைக் கிட்டவே விடாதீர்கள். உணர்ச்சி இல்லாத கையை இழுத்து முறுக்கினால் வலிக்காது, அதனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. தைத்த நரம்பு விட்டுப் போகும்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். எந்த எண்ணெயும் எந்த உருவலும் நரம்பை வேகமாக வளர்க்காது. அப்படிச் சொல்லிக் காசு வாங்குகிறவரை நம்ப வேண்டாம். உருவுவதால் வேறு நன்மைகள் உண்டு. தழும்பு உள்ளே ஒட்டிப் பிடிக்காமல் இளகும். வீக்கம் வடியும். மூட்டுகள் இறுகாது. ஏழு மாதம் கழித்து நரம்பு வந்து சேரும்போது விரல் கட்டை மாதிரி இறுகிப் போயிருந்தால் வந்து என்ன பயன்? நோவும் குறையும். காலை இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்க்கிறோமே, ஏன் தேய்த்தால் நோவு தணிகிறது என்பதற்கு மெல்சாக், வோல் என்ற இருவர் 1965இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தொடுகிற சேதி முள்ளந்தண்டுக்குள் போய், நோவுச் சேதி மேலே போகிற கடப்பைப் பாதி மூடிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உருவும்போது மூளைக்குப் பாடம் நடக்கிறது. ஆனால் பாடம் நடக்க மாணவன் விழித்திருக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டு கையை நீட்டிக் கொடுத்தால் தோலுக்கு எண்ணெய் போகும், மூளைக்கு ஒன்றும் போகாது.

அந்தத் தம்பியின் மனைவிக்கு நான் காட்டிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். காயம் முழுதாக ஆறி, டொக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும். அதுவரை கட்டையும் கட்டையும் அவிழ்க்கக் கூடாது.

முதலில் தழும்பு. தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. பெருவிரலால் சின்னச் சின்ன வட்டமாக, தோல் அசைகிற அளவுக்கு அழுத்தி, நாலைந்து நிமிடம். பிறகு உள்ளங்கையில் இருந்து விரல் நுனி வரை மெதுவாக நீவ வேண்டும். உணர்ச்சி இன்னும் வராத மாதங்களிலும் இதை விடக்கூடாது. அப்போது கை சொல்லாது, கண்தான் சொல்லும். "இப்ப சுட்டுவிரலைத் தொடுறேன்" என்று மனைவி வாயால் சொல்ல வேண்டும், தம்பி கண்ணால் பார்க்க வேண்டும், நல்ல கையின் அதே விரலையும் அதே மாதிரித் தொட்டு அந்த உணர்ச்சியை நினைத்துக்கொள்ள வேண்டும். காம்பராவில் ஆள் இல்லாவிட்டாலும் தினமும் கதவைத் திறந்து விளக்கேற்றி வைக்கிற மாதிரி. சுவீடனில் மால்மோ நகரத்தில் கை சத்திர சிகிச்சை நிபுணர் கோரன் லுண்ட்போர்க்கும் அவரோடு வேலை செய்தவர்களும் இப்படி ஆரம்பத்திலேயே தொடங்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள்.

கண்ணாடியும் உதவும். முகம் பார்க்கிற கண்ணாடியை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்தி, அடிபட்ட கையை அதற்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை முன்னால் வைத்து அசைக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் அடிபட்ட கை அசைகிற மாதிரியே இருக்கும். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் எங்கள் மொழி பேசும் மண்ணில் பிறந்தவர்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். கை வெட்டி எடுக்கப்பட்ட பிறகும் இல்லாத கையில் நோவு இருக்கிறது என்று அழுதவர்களுக்காக 1990களில் அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார். பிறகு மற்றவர்கள் நரம்புக் காயத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

நாலைந்து மாதத்தில் உள்ளங்கையில் சுள்ளென்று மின்சாரம் மாதிரி அடிக்கும். மணிக்கட்டில் இருந்து நரம்பு போகும் வழியில் விரலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தால், சுள்ளென்கிற இடம் மாதாமாதம் விரலை நோக்கி நகர்ந்திருக்கும். பயப்பட வேண்டாம், நரம்பு அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தம். சிலருக்கு அந்த நேரம் சட்டைக் கை பட்டாலே தாங்காது. அதற்காகக் கையைத் துணியில் சுற்றி ஒளித்து வைத்தால் இன்னும் மோசமாகும். பஞ்சால் தடவத் தொடங்குங்கள். அது பழகியதும் சீத்தைத் துணி, பிறகு துவாய், பிறகு சாக்கு. ஒரு சட்டியில் அரிசியைப் போட்டு அதற்குள் கையை விட்டுக் கிளறலாம். தம்பி வீட்டில் அரிசியைத் தனியாக எடுத்து வைக்க வசதி இல்லை. தேயிலைத் தூளில் செய்தார்கள். பிறகு அந்தத் தூளைக் குடித்தார்களா என்று நான் கேட்கவில்லை.

தொட்டது தெரியத் தொடங்கியதும் கடைசிப் பாடம். கண்ணை மூடிக்கொண்டு எந்த விரலில் தொட்டது என்று சொல்ல வேண்டும். பிழை என்றால் கண்ணைத் திறந்து பார்த்து, மறுபடி மூட வேண்டும். பிறகு பொருள்கள்: பொத்தான், திறப்பு, ஆணி, நாணயம். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. மணிக்கணக்காகச் செய்தால் மனம் அலையும், பயன் இல்லை. எட்டாவது மாதம் கிளினிக்குக்கு வந்த தம்பி, பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே இரண்டு ரூபாயையும் ஐந்து ரூபாயையும் பிரித்து மேசையில் வைத்தார். மனைவி அழுதுவிட்டார். அன்றைக்கு அரைநாள் பேரை விட்டுவிட்டு வந்திருந்தார் அந்தப் பிள்ளை.

கை முழுதாகப் பழைய கையாக வந்ததா? இல்லை. பெரியவர்களுக்கு அப்படி வருவது குறைவு. மெல்லிய வேலை இன்னும் தடுமாறுகிறது. விடிகாலைக் குளிரில், பனி இறங்கின செடியில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் குத்துகிறது என்கிறார். அது சாட்டு இல்லை. நரம்புக் காயம் பட்ட கைக்குக் குளிர் தாங்காது, வருடக்கணக்கில் இருக்கும். தலைவர்மார் இதைத் தெரிந்து வைத்திருங்கள். "விரல் அசையுதுதானே, என்ன நடிப்பு?" என்று பிரட்டுக்களத்தில் யாராவது சொன்னால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

உணர்ச்சி இல்லாத காலத்தில் வீட்டிலும் கவனம் வேண்டும். அடுப்பு, கேத்தல், சுடுதண்ணீர் எதையும் அந்தக் கையால் சோதிக்கக் கூடாது. மலையில் இருந்து வந்ததும் கையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அட்டை கடித்ததும் தெரியாது, முள் ஏறியதும் தெரியாது.

இனி உங்கள் பக்க வேலை. கையில் ஆழமான வெட்டு என்றால், தையல் போடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணை மூடவைத்து ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டால் தெரிகிறதா? பெருவிரல் நுனி சின்ன விரல் நுனியைத் தொடுகிறதா? விரல்களை விசிறி மாதிரி விரிக்க முடிகிறதா? ஒன்றில் குறை என்றாலும் அன்றைக்கே பெரியாஸ்பத்திரி. நரம்பை எவ்வளவு சீக்கிரம் தைக்கிறார்களோ அவ்வளவு நல்லது. அந்தத் தம்பிக்கு ஒன்றரை மாதம் வீணானது ஒரு நிமிடச் சோதனை செய்யாததால்.

விபத்தைத் திகதி, நேரம், மலை நம்பரோடு அன்றைக்கே ஒபிசில் எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதி சங்கத்திடம் இருக்கட்டும். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்தே இருக்கிறது. ஆனால் டொக்டரின் அறிக்கையில் "காயம் ஆறிவிட்டது" என்று மட்டும் இருந்தால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். உணர்ச்சி எவ்வளவு குறைந்திருக்கிறது, பிடி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது, குளிர் நேரத்து வேலைக்குப் பதில் வேறு வேலை வேண்டும் என்று நிர்வாகத்தோடு பேசுங்கள். துணைக்கு வருகிற மனைவியின் அரைநாளையும் சேர்த்துப் பேசுங்கள். அவர்தான் வைத்தியத்தில் பாதியைச் செய்கிறார்.

பின்னால் மேசையில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன், மேலே துணி போட்டு மூடியிருக்கிறது. உள்ளே ஒரு பொத்தான், ஒரு திறப்பு, இரண்டு நாணயம், ஒரு கொழுந்து, ஒரு முற்றல் இலை இருக்கின்றன. முதல் வரிசையில் இருந்து ஒவ்வொருவராக வாருங்கள். துணிக்கு அடியில் கையை விட்டு, பார்க்காமல் எடுத்துச் சொல்லுங்கள். பிறகு இந்தத் தடித்த றப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு அதையே செய்யுங்கள்.